அமுக்கமானியின் முள்ளும் எஞ்சினின் நிலையும்: சீனக்குடாப் பயிற்சி விமானங்களின் எண்ணெய் அமுக்க வாசிப்புகள் பற்றிய ஆய்வு

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள சீனக்குடா விமானத்தளம், இலங்கை விமானப்படையின் பயிலுநர் விமானிகள் தனியே பறக்கக் கற்றுக்கொள்ளும் இடமாகும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் இத்தளத்திலிருந்தே எழுந்தன. 1957 இல் பிரித்தானியப் படைத்தளங்கள் இலங்கைக்குக் கைமாறிய காலத்திலிருந்து அதன் பொறுப்பு உள்நாட்டு வான்படையிடம் உள்ளது. இன்று இங்கு இயங்கும் முதலாம் இலக்கப் பறப்புப் பயிற்சிப் பிரிவு, அமெரிக்கத் தயாரிப்பான செஸ்னா 150 விமானத்தையும் சீனத் தயாரிப்பான பி.ரி.-6 விமானத்தையும் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒற்றை எஞ்சின் விமானங்கள். ஓடுபாதையின் இரு முனைகளுக்கு அப்பாலும் நீர்ப்பரப்பே விரிவதால், மேலெழுந்த சில நிமிடங்களுக்குள் எஞ்சின் நின்றுபோனால் இறங்குவதற்குக் கிடைக்கும் தரை மிகச் சிறியது. இத்தகைய இடத்தில், மானிப்பலகையின் ஓர் ஓரத்தில் சிறிய வட்டமாக இருக்கும் எண்ணெய் அமுக்கமானி காட்டும் வாசிப்பை எவ்வாறு பொருள்கொள்வது என்பது விமானிக்கும் பராமரிப்புப் பொறியியலாளருக்கும் ஒருங்கே உரிய வினாவாகும்.

இவ்வினா எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம், முள் பச்சை வில்லுக்குள் நின்றால் நன்று, வெளியே சென்றால் தீது என்ற பழக்கமான விதியே. அவ்விதி பறப்பின் அவசரத்தில் பயன் தருவதாயினும், எஞ்சினின் நிலையை அறிவதற்குப் போதுமானதன்று. பச்சை வில்லுக்குள் முள் நிற்கும்போதே தாங்கிகள் தேய்ந்துகொண்டிருக்கலாம். முள் சுழிக்கு விழுந்தபோதும் எஞ்சினுக்குள் எண்ணெய் முறையாகப் பாய்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே அமுக்கமானி உண்மையில் எதை அளக்கிறது என்ற அடிப்படையிலிருந்தே ஆய்வு தொடங்க வேண்டியுள்ளது.

எஞ்சினில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை இம்மானி அளப்பதில்லை. எண்ணெய் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதையும் அது அளப்பதில்லை. ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரு பற்சில்லுகளைக் கொண்ட பம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே கனவளவு எண்ணெயை முன்னே தள்ளுகிறது. அவ்வெண்ணெய் கிராங்க் தண்டின் தாங்கிகள், கேம் தண்டு, வால்வுகளை இயக்கும் உறுப்புகள் ஆகியவற்றின் நுண்ணிய இடைவெளிகள் வழியே வெளியேற வேண்டியிருப்பதால், அங்கு எதிர்ப்பு உண்டாகிறது. அந்த எதிர்ப்பே அமுக்கமாக மானியில் தெரிகிறது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாயின் வாயை விரலால் பாதி மூடும்போது குழாய் விறைப்பதும், விரலை எடுத்ததும் தளர்வதும் இதே காரணத்தாலேயே. தாங்கியின் இடைவெளி பெருத்தாலும், எண்ணெய் இளகி மெலிந்தாலும், பம்பி தள்ளும் அளவு குறைந்தாலும் முள் இறங்கும். மூன்றில் எது நிகழ்ந்தது என்பதை முள் தானே கூறுவதில்லை.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. சுழலும் தண்டைத் தாங்கி நிற்பது பம்பி தரும் அமுக்கம் அன்று. 1883 இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவகத்துக்காகப் புகையிரத அச்சுத் தாங்கிகளைச் சோதித்த போஷாம் டவர், தாங்கியின் மேற்புறத்தில் துளைத்த ஒரு சிறு துளையிலிருந்து எண்ணெய் பொங்கி வருவதையும், அத்துளையை அடைக்கச் செருகிய மரமுளை வெளியே தள்ளப்படுவதையும் கண்டார்; பின்னர் அங்கு பொருத்திய மானி, சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் என்ற தன் எல்லையையும் தாண்டியது. சுழலும் தண்டு தன் ஓட்டத்தாலேயே எண்ணெயை ஆப்புவடிவ இடைவெளிக்குள் இழுத்து, உலோகத்தை உலோகத்திலிருந்து பிரிக்கும் படலத்தை உண்டாக்குகிறது என்பதை 1886 இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கணிதவழி நிறுவினார். எனவே விமானத்தின் அமுக்கமானி காட்டுவது அப்படலத்தின் பலத்தை அன்று. அப்படலத்துக்கு எண்ணெய் வந்து சேர்வதற்கான உறுதியை மட்டுமே. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அமுக்கம் சற்றுக் குறைவாயிருப்பினும் எண்ணெய் இடைவிடாது வந்து சேரும்வரை தாங்கி பிழைத்திருக்கும். அமுக்கம் நல்ல அளவில் தெரிந்தாலும் ஒரு கிளைவழி அடைபட்டிருந்தால் அக்கிளையின் உறுப்பு பட்டினி கிடந்து அழியும்.

பம்பி, எஞ்சினுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே எண்ணெயைத் தள்ளுமாறு அமைக்கப்படுகிறது. மிகுதியைத் திருப்பி அனுப்புவதற்காகத் தணிப்பு வால்வு ஒன்று வைக்கப்படுகிறது. ஸ்பிரிங் ஒன்றினால் இருக்கையில் அழுத்தப்பட்டிருக்கும் சிறு குண்டு அல்லது முளையே அது. அமுக்கம் ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சியதும் அது எழுந்து, மிகுந்த எண்ணெயைத் தொட்டிக்கு விடுகிறது. இதிலிருந்து பெறப்படும் முடிவே இவ்வாய்வின் மையமாகும்: பயண வேகத்தில் மானி காட்டுவது பெரும்பாலும் அந்த ஸ்பிரிங்கின் பலத்தையே. தாங்கிகள் தேய்ந்து அதிக எண்ணெயைக் கசியவிட்டாலும், வால்வின் வழியே திரும்பும் மிகுதி அந்த அளவுக்குக் குறையுமேயன்றி, மிகுதி முற்றாகத் தீரும்வரை முள் அசையாது. ஆனால் எஞ்சின் சூடேறிய பின், பட்டறையில் ஐட்லிங் எனப்படும் வெற்றோட்டத்தில், பம்பி மெதுவாகச் சுழன்று குறைந்த எண்ணெயைத் தள்ளும்போது வால்வு மூடிக்கொள்கிறது. அப்போது தெரியும் வாசிப்பே தாங்கிகளின் இடைவெளியை நேராகப் பேசுகிறது. பயண வேக வாசிப்பை நாள்தோறும் குறித்துக்கொண்டு, சூடான வெற்றோட்ட வாசிப்பைக் குறிக்காமல் விடும் வழக்கம், நோய் தெரியும் இடத்தைப் பாராமல் தெரியாத இடத்தைப் பார்த்து நிறைவடைவதாகும்.

செஸ்னா 150 விமானத்தின் எஞ்சின் கொன்ரினென்ரல் ஓ-200-ஏ எனப்படும், 100 குதிரைவலுவுள்ள, நான்கு உருளைகள் இருபுறமும் கிடையாக அமைந்த வகை. அதன் எண்ணெய் எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியிலேயே தங்குகிறது. கொள்ளளவு 6 குவார்ட், 4 குவார்ட்டுக்குக் குறைந்தால் பறக்கலாகாது என்பது கையேட்டின் விதி. அமுக்கமானியின் பச்சை வில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை செல்கிறது. வெற்றோட்டத்தின் குறைந்தபட்சமாக 10 இலும், உச்ச எல்லையாக 100 இலும் சிவப்புக் கோடுகள் இடப்பட்டுள்ளன. பி.ரி.-6 இன் எஞ்சின் முற்றிலும் வேறுபட்டது. சோவியத் ஏ.ஐ.-14 எஞ்சினின் வழிவந்த ஹுவோசாய்-6ஏ எனும் அவ்வெஞ்சினில், ஒன்பது உருளைகள் தண்டைச் சுற்றிக் கதிர்போல் அமைந்துள்ளன, 285 குதிரைவலுவுடையது. எண்ணெய் தனித் தொட்டியில் வைக்கப்பட்டு, ஒரு பம்பியால் எஞ்சினுக்குத் தள்ளப்பட்டு, இன்னொரு பம்பியால் மீண்டும் தொட்டிக்கு உறிஞ்சப்படுகிறது. இவ்வகை எஞ்சினின் மானியில் அலகு சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராம். வழமையான வீச்சு 4 முதல் 6 வரை, அதாவது ஏறத்தாழ 57 முதல் 85 இறாத்தல் வரை. இரு விமானங்களிலும் மாறிமாறிப் பறப்போர், இரு அலகுகளையும் இரு வீச்சுகளையும் மனத்தில் கலக்காமல் பிரித்து வைத்திருப்பது அவசியம். 45 இறாத்தல் செஸ்னாவில் நல்ல வாசிப்பு, அதே அமுக்கம் கதிர் எஞ்சினில் பயண வேகத்தில் தெரிந்தால் கவலைக்குரியது.

திருகோணமலையின் காலநிலை இவ்வாசிப்புகளை எவ்வாறு மாற்றுகிறது என்பது கையேடுகளில் அதிகம் இடம்பெறாத பகுதி. பிசுக்குமை என்பது எண்ணெய் பாய்வதற்குத் தானே காட்டும் தடை. வெப்பம் ஏற அது விரைவாகச் சரிகிறது. வெப்ப நாடுகளில் பரவலாகப் பயன்படும் எஸ்.ஏ.இ. 50 தர எண்ணெயின் பிசுக்குமை, 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. விமான எண்ணெய்ப் பேணிகளில் 100 என்று அச்சிடப்பட்டிருப்பது இந்த 50 ஆம் தரத்தையே. பழைய அளவை முறை ஒன்றினால் விமானத்துறையின் எண் ஏறத்தாழ இருமடங்காக வழங்குகிறது. இதை அறியாமல், வாகனங்களின் பழக்கத்தைக் கொண்டு 80 எனக் குறித்த பேணியைத் தேர்ந்தால், 40 ஆம் தரமே எஞ்சினுக்குள் செல்லும். தென்மேல் பருவக் காலத்து நண்பகலில் வெற்றோட்ட வாசிப்பு சிவப்புக் கோட்டை நெருங்குவதற்கு அதுவே போதுமான காரணமாகலாம்.

வைகாசி முதல் ஆவணி வரை மலைநாட்டைத் தாண்டி வறண்டு இறங்கும் கச்சான் காற்று, கிழக்குக் கரையின் நண்பகல் வெப்பத்தை 35 பாகையை ஒட்டிக் கொண்டுசெல்கிறது. காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சின், தரையில் நிற்கும்போது தனக்குக் குளிர்ச்சி தரும் ஓட்டத்தைப் பெறுவதில்லை. அதிலும் காற்று வாற்புறமிருந்து வீசும்போது தரையோட்டம் நீண்டால், எண்ணெய் மேலெழுவதற்கு முன்பே வெப்பமாகிவிடுகிறது. இந்நிலையில் செஸ்னாவின் வெற்றோட்ட வாசிப்பு 20 அல்லது 15 இறாத்தலுக்கு இறங்குவது, அது 10 க்கு மேல் நிற்கும்வரையும், வேகம் கூட்டியதும் பச்சை வில்லுக்குத் திரும்பும்வரையும், பழுதாகாது. ஆனால் அதே விமானம் மார்கழி மாத வாடையில், மழைக்குப் பிந்திய காலைக் குளிரில், அதே 15 ஐக் காட்டினால் அதை அவ்வாறு விட்டுவிட இயலாது. வாசிப்பை வெப்பநிலையோடு சேர்த்துக் குறிக்காத பதிவேடு பாதிப் பயனையே தரும்.

வெப்பத்தைவிட ஈரப்பதமே நீண்டகாலத் தீங்கை அதிகம் செய்கிறது. பெற்றோல் எரியும்போது அதன் எடையைவிடச் சற்றுக் கூடிய எடையுள்ள நீராவி உண்டாகி, அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் போதிய அளவு சூடேறி நெடுநேரம் பறந்தால் அந்நீர் ஆவியாகிப் போய்விடும்; அதனாலேயே பிற சிறு விமான எஞ்சின்களைத் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனம், அடிக்கடி இயங்கும் எஞ்சின் என்று கருதப்படுவதற்கு, 30 நாட்களுக்குள் ஒரு முறையேனும் எண்ணெய் வெப்பநிலை 74 முதல் 93 பாகை செல்சியஸ் வரை நிற்கத் தொடர்ந்து ஒரு மணிநேரம் பறக்க வேண்டும் என்கிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது நீரைச் சேர்க்குமேயன்றி நீக்காது. பறக்காமல் நின்ற நாட்களில் ஈரமும் அமிலமும் கேம் தண்டையும் அதன்மேல் அமரும் உறுப்புகளையும் அரிக்கின்றன. துருவின் துகள்கள் எண்ணெயில் சுற்றி, தணிப்பு வால்வின் இருக்கையில் தங்குகின்றன. ஈயம் கலந்த விமானப் பெற்றோலின் எச்சங்களும் நீரோடு சேர்ந்து சேறாகத் திரள்கின்றன. கடலோரத்தில் நிறுத்தப்படும் விமானத்தில் அமுக்கம் தாழ்வதன் மூலத்தைத் தேடும்போது, அது கடைசியாக எப்போது நெடும்பறப்புச் செய்தது என்ற கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும்.

குறிப்பிட்ட வாசிப்புகளுக்கு வருவோமாயின், இயக்கிய உடனே முள் எழாமை முதலாவது. கோடைக் காலத்தில் 30 வினாடிகளுக்குள் அமுக்கம் தெரியாவிடில் எஞ்சினை நிறுத்திக் காரணம் காண வேண்டும் என்பது செஸ்னாக் கையேட்டின் அறிவுரை. கடுங்குளிரில் அதன் இருமடங்கு நேரம் அனுமதிக்கப்பட்டாலும், திருகோணமலையில் அச்சலுகைக்கு இடமில்லை. எண்ணெய் மாற்றிய பின்போ, எஞ்சின் பல வாரங்கள் நின்ற பின்போ இது நேர்ந்தால், பம்பியில் காற்று அடைபட்டு, உறிஞ்சும் திறனை அது இழந்திருப்பதே வழமையான காரணம். தேய்ந்த பம்பியில் பற்சில்லுக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப எண்ணெய் இல்லாதபோது அது காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். அமுக்கம் வரும் என்று எதிர்பார்த்து எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்பது, தாங்கிகளை உலரவிட்டுத் தேய்ப்பதாகும். வெளியிலிருந்து அமுக்கமுள்ள எண்ணெயைப் பாதைகளுக்குள் செலுத்தி நிரப்பிய பின்னரே மறுபடி இயக்க வேண்டும்.

பறப்பின்போதோ தரையிலோ அமுக்கம் தாழ்வது இரண்டாவதும் பரந்ததுமான வகை. எண்ணெயின் அளவு குறைந்திருத்தல், தரம் பொருந்தாமை, மிகைச்சூடு, எரிபொருள் கலந்து எண்ணெய் மெலிதல், உறிஞ்சுபக்கத்து வலைவடிகட்டி அடைபடல், அப்பக்கத்துக் கசிவு வழியே காற்று நுழைதல், தணிப்பு வால்வின் இருக்கையில் துகள் தங்குதல், ஸ்பிரிங் தளர்தல், பம்பி தேய்தல், தாங்கி தேய்தல், மானி பிழைத்தல் எனக் காரணங்கள் பல. இவற்றைப் பிரித்தறிய உதவுவது வேகத்தோடும் வெப்பத்தோடும் வாசிப்பு மாறும் விதமே. குளிர்நிலையில் நன்றாக இருந்து, சூடேறியதும் வெற்றோட்டத்தில் மட்டும் தாழ்ந்தால், ஐயம் இடைவெளிகளின்மீதும் எண்ணெயின்மீதும் செல்ல வேண்டும். எல்லா வேகங்களிலும், குளிரிலும் சூட்டிலும், ஒரே சீராகத் தாழ்ந்து நின்றால், தணிப்பு வால்வையோ மானியையோ பார்க்க வேண்டும். முந்திய நாள்வரை இயல்பாக இருந்து திடீரெனப் பாதியாகக் குறைந்து அங்கேயே நின்றால், வால்வின் இருக்கையில் ஏதோ துகள் தங்கியுள்ளது என்ற கருதுகோளுக்கு முதலிடம் தரலாம். அண்மையில் எண்ணெயோ வடிகட்டியோ மாற்றப்பட்டிருந்தால் அக்கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறது. ஆயினும் அத்துகள் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் வால்வைக் கழுவிப் பூட்டுவது வேலையை நடுவில் நிறுத்துவதாகும். அது கரித்துகளா, துருவா, தாங்கியின் உலோகமா என்பதே எஞ்சினின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

முள் ஆடுவது மூன்றாவது வகை. செங்குத்தான திருப்பத்திலோ ஏற்றத்திலோ ஆடி, நேர்ப்பறப்பில் அடங்கினால், எண்ணெய்மட்டம் தாழ்ந்து உறிஞ்சுகுழாயின் வாய் அவ்வப்போது வெளிப்படுகிறது என்று கொள்ளலாம். எல்லா நிலைகளிலும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தால், மானிக்குச் செல்லும் குழாயில் காற்றுக்குமிழ் இருக்கலாம். மின்விளக்கை ஏற்றும்போதோ மடிசிறகை இறக்கும்போதோ முள் துள்ளுமாயின், எண்ணெயை ஆராய்வது வீண். நிலத்தொடுப்புக் கம்பியின் முனையை ஆராய வேண்டும். அமுக்கம் மிகுதல் வெப்ப நாட்டில் அரிது. குளிர்ந்த எஞ்சினில் சற்று உயர்வது இயல்பு. சூடான பின்னும் உயர்ந்தே நின்றால் தணிப்பு வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது அண்மையில் யாரோ அதன் ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கலாம்.

மானியின் பக்கத்துப் பிழைகளைத் தனியே நோக்க வேண்டும், ஏனெனில் துறைமுகக் காற்று எஞ்சினைவிட மானியின் இணைப்புகளையே விரைவில் தாக்குகிறது. பழைய செஸ்னாக்களில் எண்ணெயே மெல்லிய குழாய் வழியே மானிப்பலகை வரை வந்து, 1849 இல் பிரான்சின் யூஜின் புர்டோன் காப்புரிமை பெற்ற வளைகுழாயை விரித்து முள்ளை நகர்த்துகிறது. இவ்வமைப்பில் மின்சாரம் இல்லை. அதன் பலவீனம் குழாய் உடைவதே. குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் மிக நுண்ணிய துளையுள்ள இணைப்பு வைக்கப்பட்டிருப்பதால், குழாய் அறுந்தாலும் எண்ணெய் ஒரேயடியாகக் கொட்டிப்போவதில்லை. பிற விமானங்களில் எஞ்சினின் அருகே உள்ள அனுப்பி எனும் உறுப்பு அமுக்கத்தை மின்தடையாக மாற்றிக் கம்பி வழியே அனுப்புகிறது. பலவகை அனுப்பிகளில் அமுக்கம் கூடத் தடையும் கூடும். அவற்றின் முனைகளில் உப்புக்காற்றினால் களிம்பு படியும்போது, அக்களிம்பின் தடையும் சேர்ந்து, உள்ளதைவிட உயர்ந்த அமுக்கத்தைக் காட்டும். தாழ்ந்த அமுக்கத்தை மறைத்து நல்லதாகக் காட்டும் இப்பிழை, சுழியைக் காட்டி அச்சுறுத்தும் பிழையைவிடக் கொடியது. கரையோரத் தளங்களில் முனைகளைக் காலத்துக்குக் காலம் கழற்றித் துலக்குவது இக்காரணத்தால் அலங்கார வேலை ஆகாது. சோவியத் மரபைச் சேர்ந்த பயிற்சி விமானங்களில் எண்ணெய் அமுக்கம், எண்ணெய் வெப்பநிலை, எரிபொருள் அமுக்கம் ஆகிய மூன்றும் ஒரே வட்ட முகத்தில் மின்வழி காட்டப்படும். மூன்று முட்களும் ஒரே கணத்தில் விழுந்தால் மின்வழங்கலையும், ஒன்று மட்டும் விழுந்தால் எஞ்சினையும் முதலில் ஐயுறுவது அங்கு பொருத்தமான வரிசை.

இந்த இடத்தில் விமானியின் கடமையும் பொறியியலாளரின் கடமையும் எதிரெதிர்த் திசைகளில் பிரிகின்றன. தரையில், தரநிர்ணயம் செய்த சோதனை மானி ஒன்றை எஞ்சினில் நேரே பொருத்தி, விமானத்தின் மானி உண்மை சொல்கிறதா என்று அறியும்வரை எதையும் கழற்றலாகாது. அரை மணிநேரத்துக்குள் முடியும் இச்சோதனை, தேவையற்ற பல நாள் வேலையைத் தவிர்க்கிறது. வானில், அதற்கு மாறாக, மானி பொய் சொல்கிறது என்று தெளிவாக நிறுவப்படும்வரை அதை உண்மையென்றே கொண்டு நடக்க வேண்டும். அமுக்கம் தாழ்ந்து வெப்பநிலை இயல்பாக இருந்தால் மானியோ தணிப்பு வால்வோ பழுதாயிருக்கலாம், ஆயினும் அருகிலுள்ள தளத்தில் இறங்குவது நன்று என்றும், அமுக்கம் முற்றாக இல்லாமற்போய் வெப்பநிலையும் ஏறினால் எஞ்சின் விரைவில் நின்றுவிடும் என்று கருதி வலுவைக் குறைத்து இறங்கிடம் தேட வேண்டும் என்றும் செஸ்னாக் கையேடு கூறுகிறது. இவ்விதி நல்லதே; ஆனால் அதில் ஓர் ஆபத்தான இடைவெளி உண்டு. வெப்பநிலை உணரி, தன்னைக் கடந்து பாயும் எண்ணெயின் வெப்பத்தையே அளக்கிறது. எண்ணெய் முற்றாக வற்றிப்போனால், பாய்ச்சலற்ற இடத்தில் நிற்கும் உணரி ஏற்றத்தைக் காட்டாமல், பழைய வாசிப்பிலேயே தங்கவோ இறங்கவோ கூடும். வெப்பநிலை ஏறவில்லையே என்று ஆறுதல் கொண்டு பறப்பைத் தொடர்வது, கையேட்டைச் சரியாகப் படித்தும் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

சீனக்குடாவின் நிலவமைப்பு இத்தீர்மானத்துக்குக் கிடைக்கும் நேரத்தைச் சுருக்குகிறது. செஸ்னா 150, எஞ்சின் நின்ற நிலையில், 300 மீற்றர் உயரத்திலிருந்து காற்றற்ற சூழலில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் மிதந்து செல்லும். மேலெழுந்து நீர்ப்பரப்பைக் கடந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு அத்தொலைவு மறுகரையை எட்டப் போதாமற் போகலாம். ஆகவே முள் விழத் தொடங்கியதுமே, வலு இன்னும் கிடைக்கும் நேரத்தில், தளத்தை நோக்கித் திரும்புவதே இங்கு ஏற்ற வழி. இரத்மலானையிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நேர்வழியில் இங்கு வரும் சிவில் விமானங்களுக்கும் இது பொருந்தும். சிகிரியா, ஹிங்குராக்கொட ஓடுபாதைகள் வழியோரத்தில் இருக்க, ஐயத்துக்குரிய வாசிப்போடு துறைமுகம்வரை சென்று பார்க்கலாம் என்று எண்ணுவதற்கு நியாயம் இல்லை.

அமுக்கமானியை உரிய நேரத்தில் நம்பியதனால் உயிர் பிழைத்த நிகழ்வு ஒன்று விமான வரலாற்றில் நன்கு பதிவாகியுள்ளது. 1935 மே 15 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தபால் ஏற்றிச் சென்ற சதர்ன் குரொஸ் எனும் மூன்று எஞ்சின் விமானத்தின் வலப்புற எஞ்சின், அதன் சுழல்விசிறி உடைந்தமையால் நிறுத்தப்பட்டது. விமானி சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வருகையில் இடப்புற எஞ்சினின் எண்ணெய் அமுக்கம் சரியத் தொடங்கியது. எண்ணெய் தீர்ந்துவருகிறது என்பதை முள்ளின் இறக்கத்திலிருந்து உணர்ந்த, அவருடன் சென்ற பி. ஜி. டெய்லர், கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த விமானத்தின் தாங்குசட்டத்தின் வழியே வெளியே சென்று, நின்றுபோன எஞ்சினின் தொட்டியிலிருந்து வெந்நீர்க் குடுவையின் உறையில் எண்ணெயை வடித்தெடுத்து, மறுபுறம் சென்று இடப்புறத் தொட்டியில் ஊற்றினார். ஊற்றியதும் அமுக்கம் மீண்டது. சிறிது நேரத்தில் மறுபடி சரிந்தது. அவர் மறுபடியும் வெளியே சென்றார். இவ்வாறு பலமுறை செய்தே விமானம் சிட்னியை அடைந்தது. மானியின் இறக்கத்தைக் கருவியின் கோளாறு என்று அவர்கள் ஒதுக்கியிருந்தால் அச்செயலுக்கு நேரமே இருந்திராது.

தரைக்குத் திரும்புவோமாயின், பழுது தேடலில் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது தணிப்பு வால்வின் சரிசெய்கையே. லைகோமிங் எஞ்சின்கள் சிலவற்றில் ஸ்பிரிங்கின் கீழ் வோஷர் சேர்ப்பதாலும், வேறு சிலவற்றில் திருகாணியை முடுக்குவதாலும் அமுக்கத்தை உயர்த்தலாம். மானி சோதிக்கப்பட்டு, எண்ணெயின் தரமும் வெப்பநிலையும் சரியென்று கண்டபின், சிறிதளவு சரிசெய்வது உற்பத்தியாளரே அனுமதிப்பது. ஆனால் தேய்ந்த எஞ்சினில் வோஷரை அடுக்கிப் பயண வேக வாசிப்பைப் பச்சை வில்லுக்குள் கொண்டுவருவது, முன்னர் கூறிய காரணத்தால், தாங்கிக்கு எந்த நன்மையும் செய்யாது; வால்வு மூடியிருக்கும் வெற்றோட்டத்தில் அச்சரிசெய்கைக்கு வேலையே இல்லை. சரிசெய்த பின் பயண வேக வாசிப்பு உயர்ந்து, சூடான வெற்றோட்ட வாசிப்பு அசையாமல் நின்றால், பழுது வேறிடத்தில் உள்ளது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்பழுது எங்கே என்பதற்கான சான்று பெரும்பாலும் வடிகட்டியில் கிடைக்கிறது. கழற்றிய வடிகட்டியை எறிந்துவிடாமல், அதற்குரிய வெட்டியால் கூட்டை அறுத்து, உள்ளேயுள்ள மடிப்புத்தாளை விரித்து ஒளியில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள்கள் கேம் தண்டிலிருந்தோ பற்சில்லுகளிலிருந்தோ வந்த உருக்கு. ஒட்டாத மங்கிய வெண்சாம்பல் செதில்கள் தாங்கிப்பூச்சின் உலோகமாகலாம். அலுமினியத் துகள் பிஸ்டனையோ அதன் ஊசிமூடியையோ சுட்டும். வடிகட்டி உள்ள எஞ்சினில் 50 மணிநேரப் பறப்புக்கு ஒரு முறையும், வலைவடிகட்டி மட்டும் உள்ளதில் 25 மணிநேரத்துக்கு ஒரு முறையும், எவ்வாறாயினும் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது லைகோமிங் விதி. ஈரமும் உப்பும் மிகுந்த இக்கரையில் நான்கு மாதம் என்ற அக்கடைசி எல்லையே, குறைவாகப் பறக்கும் விமானத்துக்கு மிக முக்கியமானது. பம்பியையும் மறக்கலாகாது: லைகோமிங் எஞ்சின்கள் பலவற்றில் பயன்பட்ட, இரும்புப் பொடியைச் சுட்டு இறுக்கிச் செய்த பம்பிப் பற்சில்லுகள் உடையக்கூடியவை என்று கண்டு, அவற்றைக் கடினப்படுத்திய உருக்குச் சில்லுகளால் மாற்றுமாறு அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிருவாகம் 1996 இல் கட்டளையிட்டது. பம்பி உடைந்தால் படிப்படியான எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே பழைய எஞ்சினை வாங்குவோரும் பொறுப்பேற்போரும் அக்கட்டளை நிறைவேற்றப்பட்ட பதிவைத் தேடிப் பார்ப்பது முதல் வேலை.

கதிர் எஞ்சினுக்கு இங்கு ஒரு விதிவிலக்குக் கூற வேண்டும். நின்றிருக்கும் நாட்களில் தனித்தொட்டியின் எண்ணெய் மெல்ல எஞ்சினுக்குள் கசிந்து, கீழ்நோக்கிய உருளைகளில் தேங்கக்கூடும். அந்நிலையில் தொட்டியின் அளவுகோலை மட்டும் பார்த்து எண்ணெய் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றினால், இயங்கியபின் தொட்டி நிரம்பி வழியும்; தேங்கிய எண்ணெயை வடிக்காமல் இயக்கினால் பிஸ்டன் அமுங்காத திரவத்தில் மோதி இணைப்புத்தண்டு வளையும். இயக்குமுன் சுழல்விசிறியைக் கையால் பலமுறை சுற்றித் தடை உணரப்படுகிறதா என்று பார்ப்பதும், தடை இருந்தால் வலிந்து சுற்றாமல் கீழ் உருளைகளின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி வடிப்பதும் இதனாலேயே கட்டாயமாக உள்ளன.

பழுது கண்டு நீக்கப்பட்ட பின், விமானத்தை மீண்டும் பறப்புக்கு விடும் முறையிலும் ஒரு வரிசை பேணப்பட வேண்டும். சோதனை மானியைப் பொருத்தியவாறே, எண்ணெய் முழு இயங்கு வெப்பநிலையை அடையும்வரை தரையில் ஓட்டி, குளிர்ந்த வெற்றோட்டம், சூடான வெற்றோட்டம், பயண வேகம் என மூன்று நிலைகளிலும் இரு மானிகளின் வாசிப்பும் எண்ணெய் வெப்பநிலையும் வெளி வெப்பநிலையும் பதியப்பட வேண்டும். நண்பகலில் ஓட்டிய சோதனையே இங்கு நம்பத்தக்கது. காலைக் குளிரில் நன்றாகத் தெரியும் எஞ்சின் மாலையில் வேறு வாசிப்பைத் தரலாம். அடுத்து, பயிலுநர் இல்லாமல், ஓடுபாதையைச் சுற்றிய வட்டத்துக்குள், இறங்கக்கூடிய உயரத்தை விடாமல் ஒரு பறப்பு. அதன் முடிவில் கசிவுக்கான சோதனையும் எண்ணெய்மட்ட அளவீடும். வடிகட்டியில் உலோகம் கண்டிருந்தால் சில மணிநேரப் பறப்புக்குப் பின் அதை மறுபடி கழற்றி அறுத்துப் பார்த்தல். அந்த இரண்டாவது வடிகட்டி தூய்மையாக இருந்த பின்னரே விமானம் குடாவுக்கு அப்பால் கடலின்மீது செல்லும் பயிற்சிக்கு விடப்பட வேண்டும்.